கூபர்நெட்டிஸ் கோடுக்குள் வழி பிடித்த கதை

பல சர்வர்களைச் சேர்த்து புரோகிராம்களை ஓட்ட எங்கள் ஆபீஸில் கூபர்நெட்டிஸ் கிளஸ்டர் ஒன்று இருக்கிறது. அதில் சில பாட்கள் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) பெண்டிங்கிலேயே, அதாவது ஓடத் தொடங்காமலே, நின்றுகொண்டிருந்தன. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சரி, மூலநிரலையே பார்த்துவிடலாம் என்று கூபர்நெட்டிஸ் ரெப்போவை (மூலநிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன். வீடு திருவொற்றியூர், வேலை கிண்டி. மெட்ரோவில்தான் பெரும்பாலும் படித்தேன். தண்டையார்பேட்டை வருவதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும், சிக்னலை நம்ப முடியாது. அதனால் முழு கோடும் கையில் இருப்பது நல்லது.

ஃபோல்டர் ஃபோல்டராகப் படிப்பது வீண் வேலை. அவ்வளவு பெரிய கோ மொழி ரெப்போ அது. ஒரு பாட் உருவாகி ஓடும் வரை என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்வியின் பின்னால் போனால் போதும், முக்கியமான ஃபோல்டர்கள் எல்லாம் வழியிலேயே வந்துவிடும்.

சிஎம்டி ஃபோல்டரில் ஏபிஐ சர்வர் (கோரிக்கைகளை வாங்குவது), ஷெட்யூலர் (பாட்டுக்கு நோட், அதாவது ஓடும் மெஷின், தேர்வது), கியூப்லெட் (அந்த நோடில் பாட்டை ஓட்டுவது) என்று ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நுழைவாயில் இருக்கிறது. ஃபிளாகுகளை வாங்கி, செட்டிங்கைச் சரிபார்த்து, உள்ளே அனுப்பிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. நிஜ வேலை பிகேஜி ஃபோல்டரில் நடக்கிறது. நாம் கட்டளை கொடுக்கும் கருவியான கியூப்சிடிஎல் ஒரு விதிவிலக்கு: சிஎம்டியில் சில வரிகள்தான், மீதி எல்லாம் ஸ்டேஜிங் ஃபோல்டரில். கிளையன்ட்-கோ, ஏபிஐமெஷினரி போல வெளியாட்களும் பயன்படுத்தும் லைப்ரரிகள் ஸ்டேஜிங்கில் எழுதப்பட்டு, தனித்தனி ரெப்போக்களாக வெளியே போகின்றன. அந்தத் தனி ரெப்போவில் மாற்றம் அனுப்பினால் எடுக்க மாட்டார்கள், இங்கேதான் திருத்த வேண்டும்.

அதிகம் குழப்பியது பாட் என்ற டைப்பே. அது இரண்டு இடத்தில் இருக்கிறது! ஸ்டேஜிங்கின் ஏபிஐ ஃபோல்டரில் இருப்பது வெளியுலகம் பார்க்கும் வி1 வடிவம், ஜேசான் டேகுகளோடு (ஜேசானில் எந்தப் பெயரில் வரும் என்ற குறிப்புகள்). பிகேஜியின் ஏபிஐஸ் ஃபோல்டரில் இருப்பது உள்வடிவம், டேக் கிடையாது. ஏபிஐ சர்வர் எந்தப் பதிப்பில் வந்ததையும் உள்வடிவத்துக்கு மாற்றித்தான் கையாளும். அந்த மாற்றும் கோடில் பெரும்பகுதி இசட்இசட் ஜெனரேட்டட் என்று தொடங்கும் கோப்புகளில் இருக்கும். அவை கருவி எழுதியவை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம்.

அடுத்தது பிகேஜிக்குள் இருக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபோல்டர். கன்டெய்னர் இமேஜ் வைக்கும் இடமோ என்று தோன்றும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எட்சிடி என்ற டேட்டாபேஸில் சேமிக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே இருக்கிறது. பாட் ஃபோல்டரில் ஸ்ட்ராட்டஜி என்ற கோப்பில் ப்ரிப்பேர் ஃபார் கிரியேட் என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். நாம் அனுப்பிய ஸ்டேட்டஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெண்டிங் என்று எழுதுவது அதுதான். அதைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு தெளிவு. பெண்டிங் என்பது யாரோ கொடுத்த தண்டனை இல்லை, எல்லா பாட்டும் அப்படித்தான் பிறக்கிறது.

கியூப்லெட் பக்கம், மாற்றங்களைக் கவனித்து பாட்களைச் சரிசெய்துகொண்டே இருக்கும் சிங்க் லூப்பைப் பிடித்தால் போதும். பழைய கட்டுரைகள் காட்டும், டாக்கரோடு பேசும் டாக்கர்ஷிம் ஃபோல்டரைத் தேடாதீர்கள், 2022இல் வந்த 1.24 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பிரச்சினைக்கு விடை ஷெட்யூலரில் இருந்தது. கியூப்சிடிஎல்லில் பாட்டை டிஸ்கிரைப் செய்தால் எத்தனை நோடில் எத்தனை கிடைக்கும் என்று ஒரு வரி வருமே, அந்த வாசகத்தைக் கோடில் கிரெப் செய்து தேடினேன். ஷெட்யூலர் ஃப்ரேம்வொர்க்கில் போய் நின்றது. பக்கத்திலேயே பிளகின்ஸ் ஃபோல்டர்: டெயின்ட் (பாட்களை ஒதுக்கிவைக்கும் நோட் குறி), அஃபினிட்டி (எந்த நோட் வேண்டும் என்ற விதி), நோட் ரிசோர்ஸ் (சிபியு, மெமரி) என்று ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனி இடம். கூடவே இருக்கும் டெஸ்ட் கோப்பில் எந்த நிலையில் எந்த நோட் தள்ளப்படும் என்று அட்டவணை போல எழுதியிருக்கிறார்கள். ரிசோர்ஸ் வடிகட்டி, நோடில் இப்போது ஓடும் பயன்பாட்டைப் பார்ப்பதில்லை, பாட்கள் கேட்டு வைத்திருக்கும் ரிக்வெஸ்ட்களைத்தான் கூட்டுகிறது. எங்கள் நோடுகள் பாதி காலியாக ஓடியும் புது பாட்டுக்கு இடம் இல்லாமல் போனது அதனால்தான். ரிக்வெஸ்ட் அளவுகளைக் குறைத்தோம், பாட்கள் ஓடத் தொடங்கின.