மானிய வயலுக்கு எட்டு மாதம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நான் குடியிருக்கும் ஊரில், தேவாலயத்துக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பது ஏக்கரில் ஒரு வயல் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்து மதில் முடிகிற இடத்தில் அது தொடங்கும். மெட்டல் டிடெக்டர் வாங்கிய நாளிலிருந்து என் கண் அந்த வயல்மீதுதான். காரணம், 1285இல் முதலாம் எட்வர்டு போட்ட வின்செஸ்டர் சட்டம். இனிமேல் தேவாலய வளாகத்துக்குள் சந்தை கூட்டக்கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. தடை போட்டார்கள் என்றால் அதுவரை கூட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? விரட்டப்பட்ட கடைக்காரர்கள் வெகுதூரம் போயிருக்க மாட்டார்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்திருப்பார்கள், கைதவறிய காசுகள் அந்த வயலில் கிடக்கும் என்பது என் கணக்கு. ஆதாரம் கிடையாது, ஊகம்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது குருவானவரிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். ஆறு சேகரங்களை, அதாவது ஆறு ஊர்ச் சபைகளை, ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கும் அம்மையார் அவர். "கல்லறைத் தோட்டமா, வயலா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று பேராசையோடு சொல்லி வைத்தேன்.

கல்லறைத் தோட்டத்தை அப்போதே மறந்துவிடச் சொன்னார். அது பிரதிஷ்டை செய்த மண். அதைக் கிளற வேண்டுமானால் திருமண்டலத்துக்கென்றே (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) உள்ள நீதிமன்றம் தரும் 'ஃபேகல்டி' என்ற அனுமதி வேண்டும். பொழுதுபோக்குக்காக அதை யாரும் வாங்கியதாக அவர் கேள்விப்பட்டதில்லை. பல நூறு ஆண்டுகளாக ஆட்களைப் புதைத்த இடம், ஒரு சாண் தோண்டினாலே எலும்பு தட்டுப்படலாம் என்றார். அதன்பின் நானும் கேட்கவில்லை.

வயலைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. "அது என்னுடையது இல்லை. ஒரு காலத்தில் என் இடத்தில் இருந்தவர்களுடையது." இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானவரின் பிழைப்புக்காக விடப்பட்ட நிலத்துக்குக் 'கிளீப்' என்று பெயர். நம் ஊர் அர்ச்சகர் மானியம் மாதிரிதான். முன்பெல்லாம் குத்தகைப் பணம் குருவானவர் கைக்குப் போகும். 1976இல் இயற்றிய சட்டத்தின்படி, 1978 ஏப்ரல் 1 அன்று இந்த மானிய நிலங்கள் எல்லாம் அந்தந்தத் திருமண்டல நிதி வாரியத்தின் சொத்தாகிவிட்டன. குருவானவர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வயல் தெரியும், அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் உள்ள உறவு.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில், டி.டி.டி.ஏ. என்று பலகை மாட்டிய பள்ளியில் படித்தவன் நான். திருநெல்வேலித் திருமண்டல டிரஸ்ட் அசோசியேஷன் என்பதன் சுருக்கம் அது. ஐயர்மார் (குருவானவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம்) மாறிக்கொண்டே இருப்பார்கள், சொத்து டிரஸ்டின் பெயரில் இருக்கும் என்பதை ஐந்தாம் வகுப்பிலிருந்து பலகையில் படித்தவன், கடல் கடந்து வந்து குருவானவரிடம் வயல் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் நில உரிமையை உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். நிலப் பதிவகத்தில் அந்த வயலுக்குப் பதிவே இல்லை. பல தலைமுறைகளாக விற்காத நிலத்துக்கு இப்படி நேர்வது உண்டாம். அதனால் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் தசமபாக வரியைப் பணமாக மாற்ற 1836இல் ஒரு சட்டம் வந்தது. அதற்காக ஊர் ஊராக வரைபடம் போட்டார்கள். எங்கள் ஊர்ப் படத்தில் அந்த வயலுக்கு ஓர் எண், பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே நிலத்தின் பெயர் 'கிளீப்', உரிமையாளர் என்ற இடத்தில் அன்றைய குருவானவர். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அதுதான் எனக்குக் கை கொடுத்தது.

நிதி வாரியத்துக்கு எழுதிய முதல் கடிதம் ஏழு வாரம் பதில் இல்லாமல் கிடந்தது. இப்போது அதைப் படித்தால் நானே பதில் போட மாட்டேன். 'புதையல்' என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. நில நிர்வாகிக்கு அந்தச் சொல் தரும் படம் என்ன? நள்ளிரவில் தலைவிளக்கோடு வயலுக்குள் நுழைகிற திருட்டுக் கூட்டம்தான். அவர்களுக்கு இங்கே 'நைட் ஹாக்' என்று பெயர்.

இரண்டாவது கடிதத்தில் புதையலை அடியோடு எடுத்துவிட்டேன். வயலின் வரைபடம், காப்பகத்தில் எடுத்த பக்கம், தேசிய டிடெக்டர் சங்க உறுப்பினர் அட்டை, அதோடு வரும் 1 கோடி பவுண்டு பொதுப் பொறுப்புக் காப்பீடு ஆகியவற்றை இணைத்தேன். உழுத மண்ணின் ஆழத்துக்குக் கீழே தோண்ட மாட்டேன், கிடைப்பதை அருங்காட்சியகப் பதிவுத் திட்டத்தில் பதிவேன் என்று இரண்டு வரி. பத்து நாளில் பதில் வந்தது. அனுமதி இல்லை, கேள்விகள். வாரியத்துக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் எழுதியிருந்தார்: குத்தகைக்காரர் சம்மதித்தாரா? பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏதும் உண்டா?

இரண்டாவது கேள்வி என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். அரசின் 'மேஜிக்' வரைபடத் தளத்தில் பார்த்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அகழி சூழ்ந்த இடைக்கால வீட்டு மேடு ஒன்று பாதுகாக்கப்பட்ட சின்னமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதன் எல்லைக்கோடு வேலியோடு நிற்காமல் எங்கள் வயலின் வடகிழக்கு மூலைக்குள்ளும் கொஞ்சம் நீண்டிருந்தது. முன் அனுமதி இல்லாமல் அந்தக் கோட்டுக்குள் டிடெக்டரை இயக்குவதே 1979 தொல்சின்னச் சட்டப்படி குற்றம். நில உரிமையாளரின் சம்மதம் அங்கே செல்லாது. தெரியாமல் அந்த மூலையில்தான் முதலில் இறங்கியிருப்பேன், மேடாக இருந்ததால்.

குத்தகைக்காரர் எழுபதை நெருங்கும் விவசாயி. கடிதமெல்லாம் அவரிடம் எடுபடாது என்று குருவானவர் சொல்லியிருந்ததால் மாலையில் நேரே களஞ்சியத்துக்குப் போனேன். காப்பீட்டு அட்டையை நீட்டினேன், அவர் பார்க்கவில்லை. கேட்டை மூடுவாயா, குழியை மூடுவாயா, வேறு யாரையாவது கூட்டி வருவாயா என்று மூன்றே கேள்வி. பார்லி அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே உள்ள நாட்கள் உனக்கு, விதைப்பு இயந்திரம் உள்ளே வந்தால் நீ வெளியே என்றார். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி ஏஜென்டுக்கு அனுப்பினேன்.

ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசியில் கைக்கு வந்தது. ஒரே பக்கம். மதிலிலிருந்து 20 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், வடகிழக்கு மூலையைத் தொடக்கூடாது, மனித எலும்பு என்று சந்தேகம் வந்தாலே வேலையை நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும், 1996 புதையல் சட்டத்துக்குள் வரும் பொருளுக்குப் பரிசுத்தொகை கிடைத்தால் வாரியத்துக்குப் பாதி, எனக்குப் பாதி, ஓராண்டுக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் ரத்து. அந்த 20 மீட்டர் எனக்கு வலித்தது. என் சந்தைக் கணக்குக்கு மதிலோரம்தான் முக்கியம். வாதாடவில்லை. இங்கே இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் அனுமதி கிடைத்த நிலத்தையே 'பெர்மிஷன்' என்பார்கள். எனக்கும் ஒரு பெர்மிஷன் வந்துவிட்டது. அது போதும் அன்றைக்கு.

நான்கு சனிக்கிழமைகள் கிடைத்தன. முதல் நாள் முழுக்கத் தோட்டா அடிப்பாகங்களும் ஈயத் துண்டுகளும் பானக் கேன்களைத் திறக்கும் வளையங்களும். மாலையில் தட்டையான பெரிய செம்பு ஒன்று: 1797 பென்னி. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தில் அடித்தது. சரியாக ஓர் அவுன்ஸ் எடைக்கு அடித்த காசு அது. வண்டிச் சக்கரம் என்றே அதற்குப் பெயர். இதில் அரசர் முகம் தேய்ந்து வழுக்கையாகி இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், விரல்நகம் போன்ற ஒரு வெள்ளித் துண்டு. பென்னியைச் சிலுவைக் கோட்டில் இரண்டாக வெட்டிய பாதி. அரைக் காசு தனியே இல்லாத காலத்தில் சில்லறை மாற்ற இப்படித்தான் வெட்டுவார்கள். விளிம்புவரை நீளும் இரட்டைக்கோட்டுச் சிலுவை என்பதால் 1247இல் மூன்றாம் ஹென்றி கொண்டுவந்த வகை என்று தெரிந்தது. 1279ஐ ஒட்டி வட்டமான அரைக் காசு வந்ததும் வெட்டும் பழக்கம் மறைந்தது. ஆகவே இந்தக் காசு 1285 தடைக்கு முந்தியது. என் சந்தைக் கணக்குக்கு இது சாட்சியா, எதிர்ச்சாட்சியா என்று இன்றும் புரியவில்லை. ஒற்றைக் காசு பொதுவாகச் சட்டப்படி புதையல் ஆகாது. இருந்தாலும் அருங்காட்சியகத் திட்டத்தின் பதிவு அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எடை 0.62 கிராம். அவர் காசைவிட, அது கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவில்தான் அதிக அக்கறை காட்டினார்.

அக்டோபர் 2ஆம் தேதி விதைப்பு இயந்திரம் வயலுக்குள் வந்துவிட்டது. தெற்குப் பட்டை ஏறக்குறைய இரண்டு ஏக்கர் இன்னும் பார்க்கவில்லை. புதுப்பிக்கும் கடிதத்தை அடுத்த மே மாதமே அனுப்பிவிட வேண்டும். ஏழு வாரக் கணக்கு நினைவிருக்கிறது. அதில் 20 மீட்டரைப் பத்தாகக் குறைக்கக் கேட்கலாமா என்று குருவானவரிடம் விசாரித்தேன். வேண்டாம் என்றார்.