மாங்கூழ் ஆலைக் கணக்கில் யூனிட் கன்வர்ஷன் போட்டு முடித்த அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். சீசனுக்கு முன்னால் புது இன்வென்டரி (சரக்கு இருப்பு) சாஃப்ட்வேர் போட்டார்கள். சப்ளையர் பெயர்கள், பழைய பாக்கி, பில் நம்பர் எல்லாம் தகராறு இல்லாமல் ஏறிவிட்டன. யூனிட் கன்வர்ஷனில்தான், அதாவது கிலோ, டிரம், பெட்டி என்று ஒரு அளவை இன்னொன்றாக மாற்றும் கணக்கில்தான், உயிர் போய் உயிர் வந்தது.

எங்களுக்கு மாங்காய் வருவது எடை மேடைச் சீட்டுப்படி கிலோவில், ரேட் பேசுவது டன்னுக்கு. கூழ் போவது டிரம்மில், நிகர எடை 215 கிலோ. டின் என்றால் 3.1 கிலோ டின் ஆறு சேர்ந்து ஒரு பெட்டி, அதாவது 18.6 கிலோ. செட்டப் செய்ய வந்தவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கூழுக்கு அடிப்படை யூனிட்டாக (சாஃப்ட்வேர் இருப்பை எண்ணி வைக்கும் அளவாக) டிரம்மை வைத்துவிட்டுப் போய்விட்டார். விற்பது டிரம்மில்தானே என்று அவர் கணக்கு.

வினை அங்கேதான். டிரம் அடிப்படை என்றால் ஒரு கிலோ என்பது 1-ஐ 215-ஆல் வகுத்த எண், 0.004651. அவர்கள் வைத்திருந்த தசம இலக்கமோ மூன்றுதான், அதனால் அது 0.005 ஆக நின்றுவிட்டது. 10 டன் கூழுக்குத் தயாரிப்புப் பதிவு போட்டால் நாற்பத்தாறரை டிரம் வர வேண்டிய இடத்தில் 50 டிரம் வருகிறது. 750 கிலோ கூழ் கணக்கில் மட்டும் இருக்கிறது, கிடங்கில் இல்லை. முதலாளியின் பார்வை முதலில் யார் மேல் விழும்? ஸ்டோர் ஆட்கள் மேல்தான். எங்கள் ஸ்டோர் அண்ணன் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கே இருப்பவர், ஒவ்வொரு டிரம் மேலும் மொத்த எடை, காலி டிரம் எடை, நிகர எடை மூன்றையும் மார்க்கரில் எழுதி, நோட்டிலும் ஏற்றி வைப்பவர். அவரைக் கூப்பிட்டு "சரக்கு எங்கே போச்சு" என்று கேட்டதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் அந்த நோட்டு இருந்ததால்தான் தப்பு சாஃப்ட்வேரில் என்று காட்ட முடிந்தது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று நோட்டை நிறுத்திவிடாதீர்கள்.

போட்டுக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால், "பதிவு விழுந்த பிறகு அடிப்படை யூனிட்டை மாற்ற முடியாது சார், வித்தியாசத்தை எக்செல்லில் பார்த்துக்கோங்க" என்று ஒரு பதில். நேரில் பேசினால் நடக்கும் என்று ஓசூரில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போனேன். சம்பந்தப்பட்டவர் பெங்களூருவில் மீட்டிங்கில் இருக்கிறாராம். இருந்தவர் யூனிட் பட்டியலை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு கொண்டுவரச் சொன்னார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம்.

வழி சொன்னது அவர்களின் சப்போர்ட் லைனில் ஒரு நாள் போனை எடுத்த பெண். "யூனிட்டை மாற்ற வேண்டாம் சார், புது ஐட்டம் திறங்க" என்றார். கிலோவை அடிப்படையாக வைத்து கூழுக்குப் புது ஐட்டம், அதில் 1 டிரம் = 215, 1 பெட்டி = 18.6. பழைய ஐட்டத்தின் இருப்பை ஸ்டாக் சரிக்கட்டல் பதிவில் சைபராக்கி, கிடங்கில் எண்ணிய எடையைப் புதியதில் ஏற்ற வேண்டும். சாயங்காலமே செய்து முடித்தோம். சின்ன யூனிட் அடிப்படையாக இருந்தால் பெருக்கும் எண் முழுசாகவோ புள்ளிக்குப் பின் ஒரு இலக்கத்தோடோ நின்றுவிடும், இலக்கம் வெட்டுப்படாது. தசம இலக்கத்தையும் ஆறாக மாற்றச் சொல்லி வாங்கிவிட்டேன்.

அதோடு முடியவில்லை. பொதுப் பட்டியலில் "1 பை = 50 கிலோ" என்று போட்டு வைத்திருந்தார்கள். சர்க்கரைக்கு அது சரி. சிட்ரிக் ஆசிட் வருவது 25 கிலோ பையில், அதற்கும் அதே 50 பாய்ந்து இருப்பு இரட்டிப்பாகி, வாங்க வேண்டிய நேரத்தில் ஆர்டரே போகவில்லை. பை, பெட்டி, டிரம், கிரேட் (பழம் வரும் கூடை) இதெல்லாம் பொருளுக்குப் பொருள் மாறும், இவற்றைப் பொதுப் பட்டியலில் விடவே விடாதீர்கள். ஐட்டம் உள்ளே போய்த்தான் போட வேண்டும். கிராம், கிலோ, குவிண்டால், டன் மட்டும் பொதுவில் இருக்கட்டும்.

டன் தேர்ந்தெடுக்கும்போதும் உற்றுப் பாருங்கள். எங்கள் பட்டியலில் மூன்று டன் இருந்தது. அமெரிக்க டன் 907.185 கிலோ, பழைய இங்கிலாந்து டன் 1016 கிலோ சொச்சம். நமக்கு வேண்டியது 1000 கிலோ மெட்ரிக் டன். மற்ற இரண்டையும் யார் கையும் படாதபடி முடக்கிவிட்டேன்.

டிரம்முக்கு "முழு எண் மட்டும்" என்று ஒரு டிக் இருந்தது, அதை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு பேட்சின் கடைசி டிரம்மும் நிறையாது. 112 கிலோவில் நின்றால், டிக் இருக்கும்வரை அதையும் முழு டிரம்மாகப் போடுவதைத் தவிர அண்ணனுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது. இப்போது எடையை அப்படியே கிலோவில் போடுகிறார்.

செட்டப் முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்: 1 டிரம் வரவு போட்டு 215 கிலோ செலவு போடுங்கள், இருப்பு சைபர் வர வேண்டும். அப்புறம் 7 டிரம் வரவு, 1505 கிலோ செலவு. புள்ளிக்குப் பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டு நின்றால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நாங்கள் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டதால்தான் ஓசூர் வரை அலைய வேண்டியிருந்தது.