ஐந்திலக்க டொமைன் பெயர் ஒன்றை விற்ற அனுபவம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் அஞ்சல் குறியீடுகள் 30 என்று தொடங்கும் ஐந்து இலக்கங்களைக் கொண்டவை. போர் முடிந்து எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் இணைய இணைப்பு வரத் தொடங்கிய காலத்தில், ஊரின் அஞ்சல் குறியீட்டையே பெயராக வைத்து என் அண்ணா ஒரு டொட் கொம் டொமைன் பெயரை, அதாவது இணையத்தள முகவரியை, பதிவு செய்தார். பஸ் நேரங்கள், கோயில் திருவிழா விபரங்கள், மரண அறிவித்தல்கள் ஆகியவற்றை அதில் இட்டு வந்தார். பேஸ்புக் பரவிய பின்னர் அந்தத் தளத்தைப் பார்ப்பவர்கள் இல்லாமற் போனார்கள். அண்ணாவும் கனடாவுக்குப் போய்விட்டார். ஆனாலும் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் அவர் விடாமல் செலுத்தி வந்தார். அந்தப் பெயரை வாங்க ஒருவர் விரும்புவதாகச் சீனாவிலிருந்து ஒரு தரகரின் மின்னஞ்சல் வந்தபோது, விற்பனையைக் கவனிக்கும் வேலையை அண்ணா என்னிடம் ஒப்படைத்தார். எண் இப்போது இன்னொருவரின் சொத்தாகிவிட்டதால் அதை நான் இங்கே எழுதவில்லை.

முதலில் அந்த மின்னஞ்சல் உண்மையானதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு முன்னரும் ஒருவர் பெரிய தொகை தருவதாக எழுதி, குறிப்பிட்ட ஓரிடத்தில் பணம் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் பெற்று அனுப்புமாறு அண்ணாவிடம் கேட்டிருந்தார். இது டொமைன் சந்தையில் மிகப் பழைய மோசடி. சான்றிதழுக்கான பணம் போய்ச் சேர்ந்ததும் வாங்குபவர் காணாமற் போய்விடுவார். உண்மையாக வாங்க வருபவர் விற்பவரிடம் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை. இந்தத் தரகர் அப்படி எதையும் கேட்கவில்லை. மூன்று இலக்க டொலரில் ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

அந்த விலை நியாயமானதா என்று அறிவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகளில் பெயரை இட்டபோது, ஒன்று சொன்ன தொகைக்கும் மற்றொன்று சொன்ன தொகைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. சொல்லாக அமைந்த பெயருக்கு அதன் பொருளை வைத்தும் அது தேடப்படும் அளவை வைத்தும் ஒரு மதிப்பை ஊகிக்கலாம். ஐந்து இலக்கங்களுக்கு அப்படியான பொருள் எதுவும் இல்லை. அதனால் எண் பெயர்களுக்கு விலை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள முயன்றேன்.

ஒரு காரணம் எண்ணிக்கை. மூன்று இலக்கங்களால் ஆன டொட் கொம் பெயர்கள் 1,000 மட்டுமே இருக்க முடியும். நான்கு இலக்கங்களில் 10,000, ஐந்து இலக்கங்களில் 1,00,000. இந்த எண்ணிக்கையை யாராலும் கூட்ட முடியாது. இரண்டாவது காரணமே விலையை உண்மையில் தீர்மானிக்கிறது: எண்ணை யார் எப்படி வாசிக்கிறார்கள் என்பது. சீன மொழியில் 4 சாவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் அது விலக்கப்படுகிறது; 8 செல்வத்தோடு சேர்த்து நினைக்கப்படுவதால் விரும்பப்படுகிறது. சீனச் சந்தையில் 4 உம் 0 உம் இல்லாத பெயர்களைத் தனித் தரமாக வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால், ஐந்திலக்கப் பெயர்களுள் அத்தகையவை 32,768 மட்டுமே. எங்கள் பெயரில் 4 இல்லை. ஆனால் அஞ்சல் குறியீட்டுக்கே உரிய பூச்சியங்கள் இருந்தன. தரகர் விலையைக் குறைத்துச் சொன்னதற்கு அதுவே காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

சீனாவில் எண்கள் வெறும் இலக்கங்களாக மட்டும் இருப்பதில்லை. நெட்ஈஸ் நிறுவனத்தின் 163 டொட் கொம், அக்காலத்தில் தொலைபேசி வழியாக இணையத்தில் நுழைய மக்கள் சுழற்றிய எண்ணிலிருந்து வந்தது. ரயில் பயணச்சீட்டு விற்கும் 12306 தளத்தின் பெயர், ரயில்வேயின் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசி எண். 51ஜொப் என்ற வேலைவாய்ப்புத் தளத்தின் 51, சீன மொழியில் ‘எனக்கு வேண்டும்’ என்பதைப் போல ஒலிக்கிறது. இலத்தீன் எழுத்தில் சீனச் சொற்களை எழுதுவதைவிட எண்ணைத் தட்டுவது பலருக்கு எளிது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். சீஹூ 360 நிறுவனம் 2015 இல் 360 டொட் கொம் பெயரை வோடஃபோனிடமிருந்து 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு வாங்கியது. தன் பெயராகவே ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட எண்ணுக்காகவே அந்நிறுவனம் அவ்வளவு தொகை கொடுத்தது.

எங்கள் நாட்டிலும் இப்படிப் பெயராகிவிட்ட எண்கள் உண்டு. 119 என்றால் பொலிஸ். 1990 என்றால் சுவசெரிய அம்புலன்ஸ். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்த எண்களைத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அறிவார்கள். ஊர்ப் பெயர்களை இலத்தீன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் எங்கள் மாகாணத்தில், எழுத்துப் பிழைக்கு இடமே கொடுக்காத எண் ஒன்று பயனுள்ள பெயராக இருந்திருக்க முடியும். ஆனால் அஞ்சல் குறியீட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர் எங்கள் ஊரில் தபாற்கந்தோருக்கு வெளியே மிகச் சிலரே. ஆகவே அந்தப் பெயருக்கு ஊரில் மதிப்பு இல்லை என்பதையும், அதன் மதிப்பு முழுவதும் தொலைவிலுள்ள ஒரு சந்தையில் இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் நான் விலை பேசத் தொடங்கினேன்.

எழுத்தோடு எண்ணைக் கலக்கும் பெயர்களின் நிலை வேறு. 51ஜொப் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அவற்றுக்குப் பெரும்பாலும் இந்த மதிப்பு கிடையாது. கல்முனையில் தையற்கடை வைத்திருக்கும் என் மச்சாள் கடைப் பெயரின் நடுவில் 4 ஐச் செருக நினைத்தபோது வேண்டாம் என்றேன். தொலைபேசியில் சொல்லும் ஒவ்வொரு முறையும் ‘எண்ணா, எழுத்தா?’ என்று கேட்பார்கள்.

விலை பேசுவதற்கு எனக்கு உதவியது, டொமைன் விற்பனைகளைத் திரட்டி வெளியிடும் நேம்பயோ தளம். எங்கள் பெயரைப் போல 4 இல்லாமலும் கடைசியில் பூச்சியங்களோடும் அமைந்த பெயர்களை மட்டும் அதில் தேடி எடுத்தேன். 2015 இல் சீன முதலீட்டாளர்கள் எண் பெயர்களை வாங்கிக் குவித்து விலையை ஏற்றியிருந்தார்கள், பின்னர் அது இறங்கிவிட்டது. அதனால் அந்த ஆண்டின் விற்பனைகளை நானே ஒதுக்கிவிட்டேன். அவற்றைக் காட்டியிருந்தால் தரகர் முழுப் பட்டியலையும் தள்ளிவிட்டிருப்பார். மீதியை அனுப்பியதும் பேச்சு மாறியது. சில சுற்று மின்னஞ்சல்களின் பின் நான்கு இலக்க டொலருக்கு உடன்பட்டோம்.

பணத்துக்கு எஸ்க்ரோ டொட் கொம் சேவையைப் பயன்படுத்தினோம். வாங்குபவர் பணத்தை அங்கே வைப்பிலிட்ட பின்னரே நாங்கள் பெயரை ஒப்படைப்போம். அது கைக்கு வந்துவிட்டதாக அவர் உறுதிப்படுத்தியதும் பணம் எங்களுக்கு விடுவிக்கப்படும். இச்சேவையைப் போலத் தோற்றமளிக்கும் போலித் தளங்கள் உள்ளன. எனவே மின்னஞ்சலில் வந்த இணைப்பு எதையும் அழுத்தாமல் முகவரியை நானே தட்டி உள்நுழைந்தேன்.

பெயரை முதலில் என் பெயருக்கு மாற்றிவிட்டு விற்கலாமா என்று அண்ணா கேட்டார். உரிமையாளர் விபரத்தை மாற்றினால், அதன் பின் 60 நாட்களுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பெயர் பூட்டப்படலாம் என்பதால் அதைத் தவிர்த்தோம். அண்ணாவின் கணக்கிலிருந்தே, பெயரில் வழக்கமாக இருக்கும் பாதுகாப்புப் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான இரகசியக் குறியீட்டைப் பெற்றோம். ரொறன்ரோவில் நள்ளிரவு; அண்ணா வட்ஸ்அப்பில் அதை வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது எழுத்திலேயே அது பூச்சியமா, ஆங்கில ஓ எழுத்தா என்ற சந்தேகம் வந்ததால் வாசிப்பதை நிறுத்தி, அவரே பிரதி செய்து நேரடியாக வாங்குபவருக்கு அனுப்பினார். அதற்கு முன்னதாக, அந்தப் பெயரில் இயங்கிய மின்னஞ்சல் முகவரியை அண்ணாவின் எல்லாக் கணக்குகளிலிருந்தும் நீக்கியிருந்தோம். பெயர் கைமாறியதும் அந்த முகவரிக்கு வரும் கடிதங்களும், கடவுச்சொல் மீட்புக் குறியீடுகள் உட்பட, புதிய உரிமையாளருக்கே போகும். விற்பவர்கள் பலர் மறந்துவிடும் வேலை இது.

பணத்தை நாங்கள் பெற்றது வங்கி வழியாக. பேபல் கணக்கில் இலங்கையிலிருந்து பணம் பெறும் வசதி அப்போது இல்லாததால், அம்மாவின் பெயரிலும் அண்ணாவின் பெயரிலும் மட்டக்களப்பில் இருந்த கூட்டு டொலர் கணக்கைக் கொடுத்தோம். பணம் வந்ததும் வங்கியிலிருந்து அழைத்தார்கள். அம்மாவோடு நானும் போனேன். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, “மகள், என்ன சாமான் அனுப்பினீங்க?” என்று கேட்டார்.

“சாமான் ஒண்டும் போகல்ல சேர். அண்ணாட பேரில இருந்த இணையப் பேர் ஒண்டத்தான் வித்தது.”

விற்பனை உடன்படிக்கையையும் எஸ்க்ரோ நிறுவனத்தின் கொடுக்கல் வாங்கல் கூற்றையும், பெயர் பல ஆண்டுகளாக அண்ணாவிடம் இருந்ததைக் காட்டும் பழைய புதுப்பிப்புப் பற்றுச்சீட்டுகளையும் அச்செடுத்துக் கொண்டு போயிருந்தோம். அவர் அவற்றைப் பொறுமையாக வாசித்து, பிரதிகளைக் கோப்பில் இணைத்துக்கொண்டு, பணத்தைக் கணக்கில் வரவு வைக்கச் சம்மதித்தார். மூலப் பத்திரங்களை வருமான வரிக் கணக்குக்காக அம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறோம்.