மாதக் கணக்கும் மறு அத்தியாயமும்

முழுநேர வேலை பார்த்துக்கொண்டு கதையும் எழுதுபவர்களிடம் எல்லோரும் கேட்பது, நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைத்தான். தமக்குப் பிடித்த படைப்புகளின் கதைமாந்தர்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளான ரசிகர் புனைவு எழுதுபவர்களுக்கு அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. எழுத்துக்கென்று மிச்சப்படுத்திய நேரத்தில் எவ்வளவு எழுத்துக்குப் போகிறது, எவ்வளவு அந்த எழுத்தைச் சூழ்ந்திருக்கும் சமூகத்துக்குப் போகிறது என்பதே அது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, பிறர் படைத்த கதைமாந்தர்களை வைத்துப் பல ஆண்டுகளாக எழுதிவரும் எனக்கு, அலுவலகம் பறித்துக்கொண்ட மாலைகளைவிட ரசிகர் சமூகத்துக்கு நானே மனமுவந்து கொடுத்த மாலைகள் அதிகம் என்றுதான் தோன்றுகிறது.

இந்த எழுத்தில் பணம் கிடையாது. 2009 முதல் இயங்கிவரும், 2019இல் ஹியூகோ விருதும் பெற்ற ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் ரசிகர் படைப்புக் காப்பகத்தை நடத்துவது இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு. அங்கே உழைப்பவர்கள் தன்னார்வலர்கள். கதையின் அடியில் ‘நன்கொடை தாருங்கள்’ என்று ஒரு வரி சேர்ப்பதைக்கூட அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே ஒருநாள் வேலையை உதறிவிட்டு எழுத்தையே நம்பி வாழலாம் என்ற கனவுக்கு இங்கே இடமே இல்லை. இது எனக்குக் குறையாகப் பட்டதில்லை. சோறு போடும் பொறுப்பு சம்பளத்தின் தலையில் இருப்பதால், நான்கு பேர் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு துணைப் பாத்திரத்தைப் பற்றி நீளமாக எழுத முடிகிறது. விற்க வேண்டிய எழுத்தாக இருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. ஆனால் பணம் வராத வேலையை வேலையென்று வீட்டிலும் ஒருவரும் மதிப்பதில்லை, அலுவலகத்திலும் மதிப்பதில்லை. ரசிகர் சமூகமோ அதை வேலையைவிடக் கறாராக நடத்துகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

ஒருவருக்கொருவர் கதை எழுதிப் பரிசளித்துக்கொள்ளும் பரிசுக்கதைப் பரிமாற்றங்களை எடுத்துக்கொள்வோம். ‘யூல்டைட்’ 2003 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. அதிகம் பேர் ரசிகர் புனைவு எழுதாத மூலப் படைப்புகளுக்கான பரிமாற்றம் அது. முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட கதையை, குறைந்தது 1,000 சொற்களில் எழுதி டிசம்பரில் கெடுவுக்குள் ஒப்படைக்க வேண்டும். எங்கள் நிறுவனம் ஆண்டுக் கணக்கை முடிப்பதும் அதே டிசம்பரில்தான். ஒப்புக்கொண்ட கதையை ஒருவர் கொடுக்காமல் போனால், ‘பிஞ்ச் ஹிட்டர்’ எனப்படும் வேறொரு தன்னார்வலர் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அதை எழுதித் தர வேண்டியிருக்கும். அவருக்கும் ஓர் அலுவலகம் இருக்கும், ஒரு மேலாளர் இருப்பார். அதனால் விலகுவதென்றால் விலகுவதற்குக் குறித்த நாளுக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை. முடிந்தால் பெயர் கொடுக்கும்போதே அலுவலக நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கணக்குத் தணிக்கையாளர்கள் வரும் வாரமும் கதையின் கெடுவும் ஒன்றாக விழும் ஆண்டுகளில் நான் பெயர் கொடுப்பதில்லை. அந்த ஆண்டுகளில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பின்னூட்டம் இடுகிறேன். அதுவும் ஒரு பங்களிப்புதான் என்று ஏற்றுக்கொள்ள மனம் கொஞ்சம் முரண்டுபிடிக்கவே செய்கிறது.

தொடர்கதை இதைவிடக் கடினமானது. அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடும்போது வாசகரின் ஆவல் அப்போதே கைக்கு வந்து சேர்கிறது. அந்த ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் மாதக் கணக்கு முடிக்கும் நாளில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு தொகைகளின் வித்தியாசத்தைத் தேடி வங்கி அறிக்கையை வரிவரியாகப் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கையில், ‘அடுத்த அத்தியாயம் எப்போது?’ என்ற அன்பான கேள்வி கைப்பேசியில் ஒளிர்ந்தால் அது இன்னொரு மேலாளரின் நினைவூட்டலைப் போலவே படுகிறது. கேட்டவர்மேல் குற்றமில்லை. கதை முழுவதையும் எழுதி முடித்த பிறகே முதல் அத்தியாயத்தை வெளியிடுவது என்ற முடிவுக்கு நான் வந்தது இதனால்தான். வாசகரின் ஊகங்களைக் கேட்டுக் கதையை வளைக்கும் விளையாட்டு இதில் போய்விடுகிறது. பலருக்கு ரசிகர் புனைவின் உயிரே அந்த விளையாட்டுதான். அதை இழக்கத் துணியாதவர்கள் குறைந்தபட்சம் மூன்று அத்தியாயங்களையாவது கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்த அந்தோணி டிரோலப், கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதியதைத் தன்வரலாற்றில் சொல்கிறார். வேலையோடு எழுதுபவர்களுக்கு அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். விடியற்காலையில் தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவருவதற்கென்று ஒரு பணியாளருக்கு அவர் கூடுதல் சம்பளம் கொடுத்துவந்ததை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்குக் கைகொடுப்பது நிமிடக் கணக்கு அல்ல, குறிப்பு எழுதும் விதம். எழுதுவதை நிறுத்தும்போது அடுத்து என்ன நடக்கும் என்று எழுதி வைப்பதில்லை. ‘கடிதம் கையில் இருந்தும் அவள் ஏன் கதவைத் தட்டவில்லை?’ என்பதுபோல ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைக்கிறேன். மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கான பதில் உள்ளே எங்கோ தேடப்படுகிறது. மாலையில் முக்கால் மணி நேரமே கிடைத்தாலும் முதல் வாக்கியத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவும் முடியாத நாட்களுக்குச் சரியாக நூறு சொற்களில் முடியும் ‘டிராபிள்’ என்னும் குறுங்கதை வடிவம் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பதிவுகளும் கடைசிக் காசுவரை ஒத்துப்போக வேண்டும் என்று பழகிய கைக்கு, நூற்று மூன்றாவது சொல்லை நீக்குவது ஒரு தண்டனையாகத் தெரிவதில்லை.

நான் எழுதுவது புனைபெயரில்; அதை அலுவலகத்திலிருந்து விலக்கி வைக்கும் விஷயத்தில் மட்டும் நான் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்வதில்லை. அலுவலக மடிக்கணினியில் உணவு இடைவேளையில்கூடக் கதையைத் திறப்பதில்லை. நிறுவனக் கருவிகளில் நடப்பதை நிறுவனம் பார்க்க முடியும் என்பது ஒரு காரணம். ஊழியர் உருவாக்கும் படைப்புகளின் உரிமையைப் பற்றிப் பணி ஒப்பந்தங்கள் பலவற்றில் ஒரு பிரிவு இருப்பது இன்னொரு காரணம். அந்தப் பிரிவு பணி தொடர்பானவற்றை மட்டும் குறிக்கிறதா, ஓய்வு நேரத்தில் எழுதியதையும் வளைத்துக்கொள்கிறதா என்பது அதன் வாசகத்தைப் பொறுத்தது. தெளிவில்லையென்றால் மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலமாகவே கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். என்ன எழுதுகிறோம், எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்று சொல்லாமலேயே அதைக் கேட்க முடியும்.