ஜூலை நாட்குறிப்பு: ரஸ்புடினும் அக்கா மகனும்

ஜூலை 4, 2025, வெள்ளி

அக்கா மகனுக்கு மறுபடியும் வலது முட்டி வீங்கிவிட்டது. எட்டு வயசுப் பையன், பள்ளிக்கூட மாடிப்படியில் கடைசி இரண்டு படியைத் தாண்டிக் குதித்திருக்கிறான், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு முட்டி தேங்காய் மாதிரி உருண்டு, தொட்டால் சூடு. காலையில் அரசு மருத்துவமனையில் ரத்தம் உறையவைக்கும் புரத ஊசி, ஃபேக்டர் 9, போட்டாச்சு, காசு எதுவும் வாங்கவில்லை. ஐஸ் வைத்துக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருக்கிறோம்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கன்னிமாரா நூலகத்தில் எடுத்திருந்த ரஷ்யப் புரட்சிப் புத்தகத்தைப் பிரித்தேன். ரஸ்புடின் என்ற சைபீரியச் சாமியாரின் அத்தியாயம் வந்தது. கடைசி ஜார் மன்னரின் மகன் அலெக்ஸேய்க்கும் இவனுக்கு இருக்கும் ஹீமோஃபீலியாதான், ரத்தம் சரியாக உறையாத நோய், என்று எப்போதோ படித்ததுதான். ஆனால் 1912 அக்டோபரில், போலந்துப் பக்கம் ஸ்பாலா என்ற வேட்டை மாளிகையில் சாகக் கிடந்தபோது அவனுக்கும் எட்டு வயசு என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. பக்கத்து நாற்காலியில் அக்கா மடியில் இவன் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. மொட்டைமாடியில் உட்கார்ந்து ஸ்பாலா பகுதியை முழுக்கப் படித்தேன்.

படகில் ஏறும்போது தொடையில் அடி, ஆறிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து வண்டியில் காற்று வாங்க அழைத்துப் போக, குலுக்கலில் உள்ளே மறுபடி ரத்தம் கசிந்து தொடையிலும் அடிவயிற்றிலும் கட்டிக்கொண்டது. காலை நீட்ட முடியாமல் மடக்கியபடியே கிடந்து நாள்கணக்கில் அலறியிருக்கிறான். டாக்டர்கள் சுற்றி நின்றார்கள், கையில் ஒன்றுமில்லை. இவனுக்குப் போடும் ஃபேக்டர் 9 இல்லாததால்தான் ஒரு வகை ஹீமோஃபீலியா வருகிறது என்று பிரித்தறிந்ததே 1952-இல்தான். ராஜாவீட்டுப் பிள்ளைக்கும் ஐஸும் கட்டும்தான். மரணப் படுக்கைச் சடங்கு செய்தாகிவிட்டது. அப்போதுதான் அரசி அலெக்ஸாண்ட்ரா சைபீரியாவில் இருந்த ரஸ்புடினுக்குத் தந்தி கொடுக்க ஏற்பாடு செய்தார். பதில் வந்தது: சிறுவன் சாக மாட்டான், டாக்டர்கள் அவனை அதிகம் தொந்தரவு செய்ய விடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் ரத்தம் நின்றது.

இதை அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிப்போன இடத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சும்மா விட்டதே பாதி வைத்தியம். அம்மா அழுகையை நிறுத்தினால் பிள்ளைக்கும் மூச்சு நிதானமாகிறது, அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாள்கணக்கில் தூங்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு அது வேறு எப்படித் தெரிந்திருக்கும்?

ஜூலை 9, புதன்

இன்று எழுதுவது கொஞ்சம் சிரமம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா, தாம்பரம் தாண்டி ஒரு சாமியாரிடம் இவனை அழைத்துப் போனாள். அவர் மந்திரித்த கயிறு கட்டி, ஒரு மண்டலம் ஊசி கூடாது என்று சொல்லிவிட்டார். பத்தாம் நாள் பால் பல் விழுந்து இரண்டு நாள் ரத்தம் நிற்கவே இல்லை. தலையணை உறை முழுக்க ரத்தம். அன்றைக்கு நான் அக்காவைப் பேசாத பேச்சு இல்லை. படித்தவளா நீ என்று கேட்டேன்.

இன்று கேட்டேன், ஏன்க்கா போனே என்று. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அங்க ஒருத்தர்தான்டி என்னை உட்காரச் சொல்லி, சாப்பிட்டியாம்மான்னு கேட்டார். மத்த எல்லாரும் உங்க பக்கத்து நோய்னுதான் சொன்னாங்க."

அலெக்ஸாண்ட்ராவுக்கும் இது தாய் வழி. விக்டோரியா மகாராணியின் பேத்தி. அண்ணன் ஒருவன் இதே நோயில் 1873-இல் சின்ன வயசிலேயே இறந்திருக்கிறான், மாமா ஒருவரும் இதில் போனார். நான்கு பெண்ணுக்கு அப்புறம் 1904-இல் பிறந்த வாரிசு, தன் ரத்தத்தில் இருந்தே நோயை வாங்கிக்கொண்டான் என்று தெரிந்து அந்த அம்மா எப்படி இருந்திருப்பார்! ரஸ்புடின் அரண்மனைக்கு அறிமுகமானது 1905 நவம்பரில். அவருக்கு முன்னாலேயே பிரான்ஸிலிருந்து பிலிப் என்று ஒருவர் வந்து ஆண் குழந்தை வரம் தருவதாகச் சொல்லி, 1902-இல் அது பொய்க் கர்ப்பமாகி அரசி தலைகுனிந்ததும் நடந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

பையன் நொண்டி நொண்டி நடக்கிறான். மழை வந்து மின்சாரம் போய், எமர்ஜென்சி விளக்கில் எழுதுகிறேன்.

எனக்கு ஆறாதது அந்த ரகசியம். வாரிசுக்கு என்ன நோய் என்று நாட்டுக்குச் சொல்லவே இல்லை. ஸ்பாலாவில் உடல்நிலை அறிக்கை வெளியிட்டார்கள், அதிலும் நோயின் பெயர் கிடையாது. அப்படியிருக்க, ஒரு சைபீரிய விவசாயி அரண்மனைக்குள் போய் வருவதை மட்டும் ஜனங்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கேலிப்படம், கொச்சையான கதை, அரசியைச் சேர்த்துப் பேச்சு. அவர் குடித்ததும் பெண்களிடம் நடந்துகொண்டதும் அதற்குத் தீனி போட்டது, அதை மறுக்கவில்லை.

1915-இல், முதல் உலகப் போர் நடுவில், ஜார் நிக்கோலஸ் படைத் தலைமையைத் தானே எடுத்துக்கொண்டு போர்முனைத் தலைமையகத்துக்குப் போனபின் நிலைமை முற்றியது. அரசி கடிதத்துக்கு மேல் கடிதம், நம் நண்பர் (ரஸ்புடின்தான்) இப்படிச் சொல்கிறார் என்று. முக்கியமான பேச்சுக்கு முன்னால் அவருடைய அந்தச் சின்னச் சீப்பால் தலைவாரிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். கோரோகோவாயா தெருவில் ரஸ்புடின் வீட்டு மாடிப்படியில் சிபாரிசுக்கு வரிசை நிற்கும், கோணல்மாணலான எழுத்தில் துண்டுச் சீட்டு எழுதி அமைச்சருக்கு அனுப்புவார். 1916-இல் தொடங்கி முடியாட்சி கவிழ்வதற்குள் பிரதமர் நாற்காலியில் நான்கு பேர். எல்லாமே அவர் வேலை என்று சொல்ல முடியாது, போரும் ரொட்டித் தட்டுப்பாடும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் எல்லாமே அவர் வேலை என்று ஊர் நம்பியது. 1916 டிசம்பரில் இளவரசர் யூசுபோவ் வீட்டில் அவரைச் சுட்டு ஆற்றில் போட்டார்கள். மூன்று மாதத்துக்குள் மன்னர் முடி துறந்தார். முதலில் மகனுக்கு என்று இருந்தவர், டாக்டர் ஃபெடரோவைக் கூப்பிட்டு இவன் குணமாவானா என்று கேட்கிறார். ஆக மாட்டான் என்று பதில். உடனே மகன் பெயரையும் சேர்த்து விலக்கிவிட்டார். இந்த இடத்தில் அவர் எனக்கு ஜார் இல்லை, எங்கள் அத்தான் மாதிரி ஒரு அப்பா.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருமுனை அம்மன் கோயிலில் காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி. 1918-இல் இதே தேதி விடியுமுன் யெகாதெரின்பர்க்கில் அந்தக் குடும்பத்தையே நிலவறைக்கு இறக்கிச் சுட்டார்கள். அலெக்ஸேய்க்குப் பதின்மூன்று வயசு. காலில் வீக்கம், நடக்க முடியாது, அப்பாதான் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். 2009-இல் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவைப் பார்த்து அது ஹீமோஃபீலியா பி என்று சொன்னார்கள். இவனுக்கு இருக்கும் அதே வகை.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்கா மகன் விஷயத்தை வாயே திறக்காதே என்று அம்மா முன்னமே சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கும் இந்த மரபணு இருக்கலாம், இதுவரை சோதித்ததில்லை. வருபவர்களிடம் நானே சொல்லிவிடுவேன் என்று அம்மாவிடம் இன்று சொன்னேன். பதில் பேசாமல் கூழ் கரைக்கப் போய்விட்டாள்.

சோதனைக்குப் போகிறேன் என்று அக்காவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நானும் வரேன். எட்டு மணிக்குள்ள போயிடணும், இல்லேன்னா டோக்கன் தீர்ந்துடும்" என்றாள்.