ஓட்டைப் பிரித்தவர் யார் என்ற கணக்கு

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் தி.மு.க.வின் ஆ. மணி 4,32,667 வாக்குகளும், பா.ம.க.வின் சௌமியா அன்புமணி 4,11,367 வாக்குகளும் பெற்றார்கள். இடைவெளி 21,300. மூன்றாவதாக வந்த அ.தி.மு.க. வேட்பாளர் வாங்கியது 2,93,629. அன்று முதல் எங்கள் ஊரில் இந்தத் தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால், அ.தி.மு.க. தனியாக நின்று ஓட்டைப் பிரித்துவிட்டது என்பார்கள். சற்று நேரம் போனால், பிரிப்பதற்காகவே நின்றது என்பார்கள். முன்னது கணக்கு, பின்னது குற்றச்சாட்டு. கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்து குற்றச்சாட்டில் முடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

முதலில் கணக்கையே பார்க்கலாம். 2014-ல் இதே தொகுதியில் பா.ஜ.க., தே.மு.தி.க., ம.தி.மு.க. ஆகிய கட்சிகளின் துணையோடு அன்புமணி ராமதாஸ் 4,68,194 வாக்குகள் பெற்று வென்றார்; தனித்து நின்ற அ.தி.மு.க. 3,91,048 பெற்றது, தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்து பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே அணியில் சேர்ந்தன. பழைய எண்களைக் கூட்டினால் எட்டரை லட்சத்துக்கும் மேல் வரும். 2019-ல் அந்த அணியின் வேட்பாளராக நின்ற அன்புமணிக்கு உண்மையில் கிடைத்தது 5,04,235, தி.மு.க.வின் செந்தில்குமார் 5,74,988 வாக்குகளோடு வென்றார். அதாவது, இரு கட்சிகளும் சேர்ந்து நின்றபோது தோல்வியின் இடைவெளி 70,753. பிரிந்து நின்றபோது 21,300. பிரிந்ததால்தான் தோற்றோம் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதில்லை.

2019-ல் மூன்றாமவர் இல்லாமல் போய்விடவில்லை. அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த அ.ம.மு.க. சார்பில் முன்னாள் அமைச்சர் பழனியப்பன் நின்று 53,655 வாக்குகள் பெற்றார். அந்த வாக்குகள் ஒன்றுவிடாமல் அன்புமணிக்குப் போயிருந்தாலும் அவர் வென்றிருக்க முடியாது. அதே நாளில் நடந்த பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் சட்டமன்ற இடைத்தேர்தல்களில் வென்றது அ.தி.மு.க. என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்சித் தலைமைகள் செய்துகொள்ளும் உடன்பாடு வாக்காளரை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடாது என்பது விளங்கும். இதற்கு நேர் எதிராக, 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே கூட்டணி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளையும் வாரிக்கொண்டது. ஆக, மூன்றாமவருக்கு விழுந்த ஓட்டு எல்லாம் இரண்டாமவருக்குச் சேர வேண்டியது என்று எடுத்துக்கொள்வதற்கு எங்கள் மாவட்டத்தின் வரலாறு இடம் கொடுக்கவில்லை.

இதனால், வாக்கைப் பிரிக்க ஆள் நிறுத்தும் வேலையே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு ஐந்து பேர் அங்கே போட்டியிட்டார்கள். இதைத் தற்செயல் என்று நம்புவதற்கு மிகுந்த நல்ல மனம் வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படம் இடம்பெறத் தொடங்கியதற்குக் காரணமும் இத்தகைய பெயர்க் குழப்பந்தான்.

அமெரிக்காவில் இதன் இரண்டு வடிவங்களையும் பார்க்கலாம். 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தலில், பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் ஜனநாயகக் கட்சியின் ஆல் கோரைத் தாக்கிப் பேசிய காட்சிகளை, குடியரசுக் கட்சி சார்பான ஓர் அமைப்பு தன் செலவில் சில மாநிலங்களில் விளம்பரமாக ஒளிபரப்பியது. எதிரணியே மூன்றாமவருக்கு வெளிப்படையாக விளம்பரம் செய்தது. 2020-ல் புளோரிடா மாநில செனட் தேர்தலில் நடந்தது வேறு வகை. மயாமிப் பகுதியில் பதவியிலிருந்த ரோட்ரிகஸ் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினருக்கு எதிராக, அதே குடும்பப்பெயர் கொண்ட ஒரு சுயேச்சை நின்று, பிரசாரமே செய்யாமல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். பதவியிலிருந்தவர் நாற்பதுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அந்தச் சுயேச்சைக்குப் பணம் கொடுத்து நிறுத்திய விவகாரத்தில் குடியரசுக் கட்சியின் முன்னாள் செனட்டர் ஒருவரை 2024-ல் ஜூரி குற்றவாளி என்று தீர்மானித்தது. இவ்விரண்டில் முன்னதை நான் தந்திரம் என்பேன், பின்னதை மோசடி என்பேன். நேடரின் விளம்பரத்தைப் பார்த்தவருக்கு அதை வெளியிட்டது யார் என்று அறிய வழி இருந்தது. ரோட்ரிகஸ் என்ற பெயரைப் பார்த்து வாக்களித்தவருக்கு அந்த வழியே இல்லை.

இத்தகைய வேலைக்குப் பலன் கிடைப்பது போட்டி மிக நெருக்கமாக இருக்கும் இடத்தில் மட்டுமே. 2021-ல் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் அ.தி.மு.க.வின் அசோக்குமார் தி.மு.க.வின் செங்குட்டுவனை வென்றது 794 வாக்குகளில். அத்தகைய இடத்தில் ஒரு சில ஊர்களில் மட்டும் அறிமுகமுள்ள ஒருவர், தன் சாதி ஓட்டில் சில நூறைத் திருப்பினாலே முடிவு மாறக்கூடும். லட்சக்கணக்கில் இடைவெளி உள்ள தொகுதியில் இதே ஆளுக்குச் செலவு செய்வது வீண்.

ஓட்டைப் பிரிப்பதைத் தவிர டம்மி வேட்பாளருக்கு வேறொரு பயனும் உண்டு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வேட்பாளரும் வாக்குச்சாவடிக்கு முகவர் வைத்துக்கொள்ளலாம், பிரசாரத்துக்கு வாகன அனுமதி பெறலாம். சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்ற செலவு வரம்பு வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. டம்மியின் பெயரில் ஓடும் வண்டியில் பெரிய கட்சியின் ஆட்கள் போனால், அந்தச் செலவு பெரிய கட்சிக்காரரின் கணக்கில் ஏறாது. டம்மியின் பூத் ஏஜென்ட் என்று உட்காரும் இளைஞர் யாருடைய ஆள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் தாளில் இருக்காது.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு, ஒருவரைப் போட்டியிடச் செய்வதற்கோ விலகச் செய்வதற்கோ பணம் கொடுப்பதை ஊழல் நடவடிக்கை என்றே வரையறுக்கிறது. ஆனால் முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கைக்குக் கை மாறிய ரொக்கத்துக்குச் சாட்சி வேண்டும். கொடுத்தவரும் வாங்கியவரும் வாய் திறக்காதபோது சாட்சிக்கு எங்கே போவது?

ஆகவே, யாரையேனும் ஓட்டுப் பிரிப்பவர் என்று சொல்வதற்கு முன் நான் பார்ப்பது தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும் வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை. வருமானம் இல்லை என்று எழுதியவர் மக்களவைக்கு 25,000 ரூபாய் டெபாசிட் கட்டியிருந்தால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சுயேச்சையின் மனுவில் தொகுதியைச் சேர்ந்த பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்தப் பத்துப் பேர் யார், எந்தக் கட்சிக் கூட்டத்தில் வழக்கமாக நாற்காலி போடுகிறவர்கள் என்பதைப் பென்னாகரத்திலோ பர்கூரிலோ உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்தால் அரை நாளில் சொல்லிவிடுவார்கள்.