லிஸ்பனில் வீடு பிடிப்பது

சென்னை டீமுக்கும் நியூயார்க் வாடிக்கையாளருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்கு லிஸ்பன் நல்ல ஊர். குளிர்காலத்தில் சென்னை அங்கிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால், நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்னால். காலையில் சென்னையோடு பேசி முடித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் அமெரிக்காவோடு உட்கார்ந்தால், ராத்திரி மனுஷன் மாதிரி தூங்கலாம். அதற்கு முன் தாய்லாந்தின் சியாங் மாயில் நடுராத்திரி மீட்டிங்குகளில் கண் எரிய உட்கார்ந்திருந்த எனக்கு இந்த ஒரு கணக்கே போதுமாக இருந்தது. கடற்கரை, வெயில், மஞ்சள் டிராம் எல்லாம் அப்புறம்தான்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கிருந்தும் வேலை பார்க்கிறவர்களுக்கென்று போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் ஒரு விசாவைத் தொடங்கியது. டி8 (D8) என்றால் எல்லோருக்கும் தெரியும். வருமானம் அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு இருக்க வேண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோ, ஆக மாதம் 3,480. கடைசி மூன்று மாத வரவைக் காட்டச் சொல்வார்கள். ஒரு வருடம் வரை தங்கிவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு வகை, குடியிருப்பு அனுமதி வாங்கித் தொடர்வதற்கு இன்னொரு வகை. ஊர் ஊராகப் போகிறவனுக்கு முதல் வகையே போதும். போலீஸ் கிளியரன்ஸ், அது வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்கிற அரசு முத்திரை, காப்பீடு, வங்கி ஸ்டேட்மென்ட் என்று அலைச்சல்தான். ஆனாலும் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போகலாம். லிஸ்பனில் இறங்கிய பிறகு நடக்கும் வேலைகளுக்கு அப்படிப் பட்டியல் எதுவும் கிடையாது.

முதலில் நிஃப். ஒன்பது இலக்க வரி எண், நம்மூர் பான் மாதிரி. ஆனால் பான் கார்டை நாம் எப்போதாவதுதான் எடுப்போம். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி வாங்கினாலும் பில்லில் நிஃப் போடட்டுமா என்று கேட்பார்கள். வீடு, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எதுவும் அது இல்லாமல் நகராது. லிஸ்பன் வக்கீல் ஒருவரை வரிப் பிரதிநிதியாக வைத்துக் கிளம்புவதற்கு முன்பே அதை வாங்கிவிட்டேன். வரித்துறை இணையதளத்துக்கான கடவுச்சொல், பதிவான முகவரிக்குத் தபாலில் வரும். இந்தக் காலத்தில் பாஸ்வேர்டுக்காகத் தபால்காரரை எதிர்பார்ப்பது வேடிக்கைதான்.

அப்புறம் வீடு. ஊரிலிருந்தே போட்டோ பார்த்து வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் சில வாரங்களுக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு, வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, நேரில் போய்ப் பார்த்தேன். விளம்பரங்களில் டி-0 (T0) என்றால் ஒரே அறை, டி-1 (T1) என்றால் தனிப் படுக்கையறை ஒன்று. நகரின் நடுவில் சுமாரான டி-1 கூட 1,200 யூரோவுக்குக் கீழே சிக்குவது அரிது.

வீட்டுக்காரர்கள் நிஃப், வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். அதெல்லாம் இருந்தது. கூடவே உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவரையும் கேட்பார்கள். நமக்கு லிஸ்பனில் யார் இருக்கிறார்கள் ஜாமீன் போட? அப்படியானால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கொடுங்கள் என்பார்கள். 2023இல் வந்த சட்டப்படி முன்வாடகை இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது, காப்புத்தொகையும் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. இதைச் சொன்னதும் ஒரு தரகர் சிரித்தார். "சட்டம் சரிதான். உங்களுக்குப் பின்னால் வரிசையும் நிற்கிறதே" என்றார். அந்த வீடு போயிற்று.

வாடகையைக் கொஞ்சம் குறைக்கிறேன், ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மாட்டேன் என்பவர்களும் உண்டு. ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிய வேண்டும், மாதாமாதம் மின்னணு ரசீது தர வேண்டும் என்பதுதான் முறை. பதிவில்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொன்னேன். வங்கி முதல் எல்லா இடத்திலும் முகவரிச் சான்று கேட்கிறார்கள், அந்த ஒப்பந்தம்தான் சான்று. ஜன்னலில் டேகஸ் ஆறு தெரிகிறதா என்பதைவிட, ரசீது வருமா என்பதே முக்கியம்.

கடைசியில் அர்ரோயோஸ் பகுதியில், அல்மிரான்ட் ரெய்ஸ் சாலைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் ஒன்று அமைந்தது. லிஃப்ட் கிடையாது. முகவரி "3, வலது" என்று முடியும். இந்த ஊரில் பெரும்பாலும் ஒரு மாடிக்கு இரண்டு வீடு, இடது, வலது. கீழே அழைப்பு மணிப் பலகையிலும் தபால் பெட்டியிலும் பெயர் இருக்காது, மாடி எண்ணும் பக்கமும் மட்டும். பார்சல் போடுகிறவருக்கு நம் பெயர் ஒரு பொருட்டே இல்லை. "வலது" என்பதை விட்டுவிட்டால் எதிர் வீட்டுப் பாட்டிக்குப் போய்விடும். அப்படிப் போன ஒரு உறையோடு அவர் வந்து கதவைத் தட்டியதில்தான் எங்களுக்குள் பழக்கமே ஆனது. மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் "போம் தியா" (காலை வணக்கம்) சொல்லாமல் தாண்டக்கூடாது என்பதையும் அவரே, அதிகம் பேசாமல், முகத்தாலேயே கற்றுக்கொடுத்தார்.

வீடு பார்க்கும்போது மத்தியானம் ஒரு தடவை போங்கள். எந்த அறையில் வெயில் விழுகிறது, அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கிறதா, புதுப் பெயின்ட் வாசனை ஏன் இவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வெளியே பகலில் 15 டிகிரி இருக்கும், சுகமாக நடக்கலாம். குளிர் வீட்டுக்குள்தான். பழைய கட்டடங்களில் மையச் சூடேற்றம் இல்லை. போதாததற்கு மழைக்காலமும் அதுதான். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். ராத்திரி ஓடவிட்டால் காலையில் அதன் தொட்டியைத் தூக்கி, சிங்க்கில் கொட்டும்போது நம்ப முடியாது, அவ்வளவு தண்ணீரும் காற்றில்தான் இருந்திருக்கிறது.

மின்சாரத்திலும் ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் இழுக்கலாம் என்று ஒப்பந்தம். பழைய ரசீதை வாங்கிப் பாருங்கள். 3.45 கேவிஏ (சுமார் 3,450 வாட்) என்று போட்டிருந்தால், 2,000 வாட் ஹீட்டரும் 2,000 வாட் இண்டக்‌ஷனும் ஒன்றாக ஓடாது. பட்டென்று மெயின் விழும். விளக்கோடு ரவுட்டரும் போகும், மீட்டிங்கில் நம் முகம் உறைந்து நிற்கும். 6.9க்கு ஏற்றித் தரச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இணையமும் வாடகையோடு சேர்ந்திருப்பதே நல்லது. தனியாக எடுத்தால் பெரும்பாலும் 24 மாதம் கட்டிப்போடுவார்கள்.

காபிக் கடையில் லேப்டாப்பை விரித்து நாளெல்லாம் உட்காருவது இங்கே எனக்குச் சரிப்படவில்லை. கவுண்டரில் நின்றபடி ஒரு யூரோ சொச்சத்துக்கு பிக்கா என்கிற குட்டி எஸ்பிரெசோ குடித்துவிட்டு நகர்கிற ஊரில், சின்ன மேசையைப் பிடித்துக்கொண்டிருப்பது கூச்சமாக இருந்தது. காம்போ பெக்கேனோ அருகே கல்வேயாஸ் மாளிகையில் நகராட்சி நூலகம் இருக்கிறது. எழுதும் வேலைக்கு அதுதான் என் இடம், பேசும் வேலைக்கு வீடு.

லிஸ்பனின் மேடுகளைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். மேப்பில் ஐந்து நிமிடம் என்பது படிக்கட்டாக இருக்கலாம், உண்மைதான். ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது, கோட்டைப் பக்கம் ஏற உதவும். நகரத்துக்குள் பஸ், மெட்ரோவில் சுற்ற நவேகாந்தே என்கிற மாதாந்திர அட்டை 30 யூரோ. மழையில் நடைபாதைச் சுண்ணாம்புக் கற்கள் வழுக்கும், நல்ல ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். அல்மிரான்ட் ரெய்ஸில் கீழே இறங்கினால் மார்டிம் மோனிஸ், அங்கே பென்ஃபொர்மோசோ தெருவில் வங்காளதேசக் கடைகள். பருப்பு, மசாலா எல்லாம் அங்கேயே. கொத்தமல்லிக்கு அங்கே போகக்கூட வேண்டாம், போர்ச்சுகல்காரர்களும் கட்டுக் கட்டாகப் போட்டுச் சமைக்கிறவர்கள். கரோலினோ என்கிற உள்ளூர் அரிசி குழையும். பொங்கலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

கடைசியாக நாள் கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்குள் 183 நாளுக்கு மேல் தங்கினால் போர்ச்சுகலில் வரி செலுத்துபவர் ஆகிவிடுவோம். இந்தியாவோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது, என்றாலும் கணக்காளர் ஒருவரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. எவ்வளவு நாள் இருக்கப்போகிறோம் என்பதை வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே யோசியுங்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ எழுதினால், மூன்றில் ஒரு பங்கு காலம் முடிந்த பிறகு 120 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் இடையில் கிளம்ப முடியும். வேலை போன்ற தற்காலிகக் காரணத்தை ஒப்பந்தத்திலேயே காட்டி ஒரு வருடத்துக்குக் குறைவாக எழுதினால் 60 நாள் போதும். நான் நம்மூர் வழக்கப்படி பதினோரு மாதமே எழுதச் சொன்னேன்.